புடைவைக் கடைக்குள் ஒரு நாவலாசிரியர்

புடைவைக் கடைக்குள் நுழையும் ஒருவர் பல காரியங்களைத் தம்மை அறியாமலே செய்கின்றார். வாசலில் கணநேரம் நின்று கண்களை நாற்புறமும் ஓட்டுகின்றார். மேசைமீது விரிந்து கிடக்கும் துணியை விரல்களால் தடவுகின்றார். அதிலே குத்தப்பட்டிருக்கும் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கின்றார். பார்த்ததை அப்படியே வைத்துவிட்டு வேறொரு பக்கம் போகின்றார். வாங்க வந்தது ஒரு சட்டைக்கான துணி. சுமந்து செல்வதோ இரண்டு விரிப்பும் ஒரு குடையும். ஒன்றும் வாங்காமல் வெளியேறினாலும் அவரை எவரும் தடுத்து நிறுத்துவதில்லை.

இவை யாவும் மனித இயல்பு என்றே எண்ணத் தோன்றும். ஆயினும், இந்தப் பழக்கங்களுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பாரிஸ் மாநகரத்துப் பெரிய கடைகள் சிலவற்றில் மக்களுக்குக் கற்பிக்கப்பட்டவை. கற்பித்தவர்கள் வியாபாரிகள், கற்றுக்கொண்டவர்கள், பெரும்பாலும், நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள். அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், 1882 ஆம் ஆண்டிலே, குறிப்புப் புத்தகமும் கையுமாக ஒருவர் கூட்டத்திடையே நின்று அதைக் கவனித்தார். அவர்தாம் பிரெஞ்சு நாவலாசிரியராகிய எமில் ஸோலா.

அவர் கண்டது எவ்வளவு புதுமையானது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்னிருந்த கடை எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முற்பட்ட பாரிஸிலே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. இன்னார் இன்ன பொருளைத்தான் விற்கலாம் என்று அச்சங்கங்கள் வரையறை செய்திருந்தன. புரட்சியின்போது, 1791 இல், சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. கடைகளின் பழக்கமோ அத்துடன் ஒழிந்துவிடவில்லை. ஒடுங்கிய அறை, தாழ்ந்த கூரை, பட்டப்பகலிலும் மங்கலான வெளிச்சம். துணிகள் அலுமாரிகளிலும் லாச்சிகளிலும் அடைபட்டிருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே எடுத்துக் காட்டப்படும். விலை எங்கும் எழுதப்பட்டிருக்காது. உள்ளே காலடி வைத்தவர் வாங்கத்தான் வந்திருக்கின்றார் என்பது இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்ட ஒரு வழமை. சும்மா பார்த்துவிட்டுப் போவது அவமரியாதை.

அந்தக் கடையிலும் கவனிப்பு இருந்தது. கவனித்தவர் வியாபாரி. வந்தவர் அணிந்திருக்கும் சப்பாத்து எத்தகையது, பேச்சு நகரத்துப் பேச்சா நாட்டுப்புறத்துப் பேச்சா, கலியாணத்துக்கு வாங்குகின்றாரா, அன்றி இழவு வீட்டுக்கு அவசரமாக வாங்குகின்றாரா என்பவற்றையெல்லாம் நோக்கியே அவர் விலை சொன்னார். ஒரே துணிக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. பேரம் பேசத் தெரிந்தவர் பிழைத்தார். வெட்கப்பட்டவர் கூடுதலாகக் கொடுத்தார்.

துணிமீதுள்ள ஆசையைப் பெரிய கடைகள்தாம் உண்டாக்கின என்று கொள்வதும் தவறு. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற வண்ணப் பருத்தித் துணிகளைப் பிரெஞ்சு மக்கள் அத்துணை விரும்பி வாங்கினார்கள். அதனால், உள்நாட்டுப் பட்டுத் தொழிலும் கம்பளித் தொழிலும் நலிந்துபோகும் என்று அஞ்சிய அரசாங்கம் 1686 இல் அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. அத்துணை ஆண்டுகளும் அத்துணிகள் களவாக இறக்குமதியாகிக்கொண்டே இருந்தன. சட்டத்துக்கும் கட்டுப்படாத அந்த ஆசை முன்பே இருந்தது. அதற்கென்று ஒரு மாளிகை கட்டி, கதவைத் திறந்து வைத்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டு செய்த காரியம்.

அந்த மாளிகையைக் கட்டியவர் அரிஸ்தித் பூசிக்கோ. 1810 இல், நோர்மண்டிப் பக்கத்திலுள்ள பெல்லேம் என்னும் சிற்றூரிலே, தொப்பி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் ஊரைவிட்டுப் பாரிஸுக்கு வந்து ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளராக அமர்ந்தார். அங்கே சால்வைப் பகுதியின் பொறுப்பாளராக உயர்ந்தார். 1852 இல், விதோ என்பவர் நடத்திவந்த ‘போன் மார்ஷே’ என்னும் சிறு கடையில் பங்காளியானார். ‘நல்ல மலிவு’ என்று அப்பெயருக்குப் பொருள் கூறலாம். அப்போது அக்கடையின் ஆண்டு விற்பனை 5 இலட்சம் பிராங்குக்கு உட்பட்டது. 1863 இல் அது 70 இலட்சமாயிற்று. பூசிக்கோவின் புதிய முறைகளைக் கண்டு பயந்த பங்காளி, தம் பங்கை அவருக்கே விற்றுவிட்டு விலகிக்கொண்டார். பூசிக்கோ இறந்த ஆண்டாகிய 1877 இல் விற்பனை 7 கோடி பிராங்கு அளவிலே நின்றது.

இந்த முறைகளை அவரே கண்டுபிடித்தார் என்று புகழ்வது வழக்கம். அது முற்றிலும் சரியன்று. ஜப்பானில், இன்று தோக்கியோ என வழங்கும் எடோ நகரத்திலே 1673 இல் மித்சுயி தக்கதோஷி என்பவர் தொடங்கிய எச்சிகோயா புடைவைக் கடை, ‘கையிற் காசு, ஒரே விலை’ என்னும் கொள்கையினாற் பெயர் பெற்றது. பாரிஸிலும் பூசிக்கோவுக்கு முன்னரே சில கடைகள் விலையை எழுதி ஒட்டத் தொடங்கியிருந்தன. பூசிக்கோ செய்தது, அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்த முறைகளை ஒன்று சேர்த்து, ஒன்றுக்கொன்று துணையாக இயங்கச் செய்ததேயாகும். எவரும் உள்ளே வரலாம். வாங்கும் கடப்பாடு இல்லை. விலை எழுதப்பட்டிருக்கும், சீமாட்டிக்கும் சமையற்காரிக்கும் அதே விலை. பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுத்துக் காசைப் பெற்றுக்கொள்ளலாம். பொருளுக்குப் பொருள் இலாபம் சிறிது. ஆனால் பொருள் விரைவாக விற்றுப் போகும். உதாரணமாக, நூறு பிராங்கு முதலை ஆண்டுக்கு ஒரு முறை புரட்டி 40 பிராங்கு இலாபம் பெறுபவரைவிட, அதே முதலை நான்கு முறை புரட்டி முறைக்கு 15 பிராங்கு பெறுபவர் முன்னே போய்விடுகின்றார் அல்லவா? பழைய வியாபாரிகளுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கவில்லை. மலிவாக விற்பவன் விரைவில் முறிந்து போவான் என்றே அவர்கள் காத்திருந்தார்கள்.

1869 இல் புதிய கட்டடத்துக்கு அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. அதன் முதற் பகுதி 1872 இல் திறக்கப்பட்டது. முழு வேலையும் 1887 இல்தான் நிறைவெய்தியது. கட்டடக் கலைஞர் லூயி-ஷார்ல் புவாலோ. இரும்பு வேலைப்பாட்டில், பின்னாளில் கோபுரத்தினாற் புகழ் பெற்ற குஸ்தாவ் ஈபெலின் பங்கும் உண்டு. இரும்புத் தூண்கள் மெல்லியன. ஆதலால் இடையிற் சுவர்கள் வேண்டியதில்லை. கண்ணாடிக் கூரை வழியாக மேலிருந்து பகலொளி இறங்கியது; துணியின் நிறம் உள்ளபடியே தெரிந்தது. மேல் மாடியின் கைப்பிடியிற் சாய்ந்து கீழே நோக்கினால், ஒருவர் கண்ணுக்கு எட்டுவது துணி மட்டுமன்று. துணியைச் சூழ்ந்து நிற்கும் மக்கள் வெள்ளமும் முழுமையாகத் தெரியும். வாங்க வந்தவர்களே ஒருவருக்கொருவர் காட்சிப் பொருளானார்கள்.

இந்த இடத்துக்குத்தான் 1882 ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஸோலா வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. சாராயக் கடையில் அழிந்துபோகும் தொழிலாளர் குடும்பத்தைப் பற்றியும், நானா என்னும் நடிகையைப் பற்றியும் நாவல்கள் எழுதிப் பெரும் பெயரும், அதற்குக் குறையாத வசையும் பெற்றிருந்தார். அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இங்கே கவனிக்கத்தக்கது. 1862 முதல் 1866 வரை அவர் அஷேத் என்னும் புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தார். பொதி கட்டும் பகுதியிற் சேர்ந்தவர், விளம்பரப் பகுதிக்குத் தலைவராகி வெளியேறினார். ஒரு பொருளை மக்கள் விரும்பும்படி செய்வது எப்படி என்பது அவருக்கு ஏட்டுக் கல்வியன்று. மாதச் சம்பளத்துக்குச் செய்த தொழில்.

போன் மார்ஷேயிலும், அதற்குப் போட்டியாக விளங்கிய லூவ்ர் கடையிலும் அவர் மணிக்கணக்காக நின்றார். பகுதித் தலைவர்களைக் கண்டு பேசினார். விற்பனைப் பெண் ஒருத்தியிடம் அவளுடைய ஒரு நாள் எப்படிக் கழிகின்றது என்று கேட்டறிந்தார். சாப்பாட்டு மண்டபம், பொதி அனுப்பும் நிலவறை, காசாளர் மேசை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தாம் கற்பனையில் எழுப்பப்போகும் கடைக்கு ஒரு வரைபடம் தயாரித்துத் தருமாறு பிரான்ட்ஸ் ஜூர்தேன் என்னும் இளம் கட்டடக் கலைஞரைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். ‘மாதர் மகிழ்ச்சி’ என்று பெயர் கூறத்தக்க அந்நாவல் 1882 டிசம்பரில் ஒரு பத்திரிகையிலே தொடராக வெளிவரத் தொடங்கி, 1883 இல் நூலாயிற்று. கதை நடப்பதாகக் காட்டப்படும் காலம் 1860கள். ஆனால் கடையின் உருவம் 1882 இல் அவர் கண்ணாற் கண்டதே. கால முரண்தான். எனினும், நூலின் பயன் அதனாற் குறைவதில்லை.

நாவலின் கடை முதலாளி ஒக்தாவ் மூரே. அவன் கூட்டத்தைப் படிக்கும் விதமே நூலின் சிறந்த பகுதி எனலாம். மலிவான மிச்சத் துணிகளை அவன் வாசலிலேயே குவித்து வைக்கின்றான். நோக்கம் அவற்றை விற்பது மாத்திரமன்று. வாசலில் மக்கள் முட்டி மோதுவார்கள். வீதியிற் போகின்றவர்களுக்குக் கடை நிரம்பி வழிவதாகத் தோன்றும். நிரம்பிய இடத்துக்குள் நுழைய எவருக்கும் தயக்கம் இராது. ஒரு பட்டை அடக்க விலைக்கும் கீழே விற்கின்றான். அந்த நட்டத்தை அவன் நட்டமென்று கருதுவதில்லை. பட்டுக்காக வந்த பெண்மணி கையுறைப் பகுதியைக் கடந்துதானே வெளியே போக வேண்டும்?

இதனினும் நுட்பமானது இன்னொன்று. ஒரு பெரிய விற்பனை நாளுக்கு முதல்நாள், தன் ஆட்கள் பகுதி பகுதியாக ஒழுங்குபட அடுக்கி வைத்திருந்த கடையை மூரே சுற்றிப் பார்க்கின்றான். துணிப் பகுதியை அடுத்துத் தையற் சாமான், அதனை அடுத்து ஆயத்த உடை என எல்லாம் முறையாக இருக்கின்றன. திடீரென்று அவனுக்கு அது பெரும் பிழையென்று தோன்றுகின்றது. வேண்டியவை யாவும் ஒரே மூலையிற் கிடைத்தால் வந்தவள் அந்த மூலையோடு போய்விடுவாளே! உடனே எல்லாவற்றையும் கலைக்கச் சொல்லுகின்றான். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள பகுதிகள் கடையின் நான்கு கோடிகளுக்குப் போகின்றன. விடியும் வரை ஊழியர்கள் சுமக்கின்றார்கள். மறுநாள், ஒரு முழத் துணியும் அதற்கேற்ற நூலும் பொத்தானும் வாங்க வந்தவர்கள் கடை முழுவதும் அலைகின்றார்கள், வழி தவறுகின்றார்கள், தவறிய இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று அவர்கள் கண்ணிற் படுகின்றது. ஒழுங்கீனமும் ஓர் ஒழுங்காகலாம் என்பதை ஸோலா இங்கே காட்டுகின்றார். இன்றைய பேரங்காடிகளில் பாலும் பாணும் ஏன் வாசலருகே வைக்கப்படுவதில்லை என்று வியப்பவர்களுக்கு விடை இதுவேயாம்.

குழந்தைகளையும் கடை மறக்கவில்லை. கடையின் பெயர் பொறித்த சிவப்பு நிற பலூன்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. தெருவெங்கும் குழந்தைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். விளம்பரம் வானிலே மிதந்தது. களைத்தவர்களுக்குப் பழப்பானமும் பிஸ்கோத்தும் இருந்தன. துணையாக வந்த கணவன்மார் உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஒரு வாசிப்பறையும் இருந்தது. வெளியே போகவேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன.

ஸோலாவின் வாடிக்கைப் பெண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களல்லர். திருமதி பூர்தலே கணக்குத் தெரிந்த குடும்பத் தலைவி. எது உண்மையிலே மலிவு என்பதை அவள் அறிவாள். மலிவானதை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவற்றைத் திரும்பியும் பாராமல் நடப்பாள். அப்படிப்பட்டவளையும் பிள்ளைகளைக் கொண்டே கடை வளைக்கின்றது. திருமதி கிபால் நாள் முழுவதும் சுற்றிக் கண்ணை நிறைத்துக்கொண்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவாள். திருமதி மார்த்தியோ சிறு சாமான் ஒன்றுக்காக வந்து, பகுதி பகுதியாக இழுபட்டு, பொதிகளோடு போகின்றவள். அவளுடைய கணவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மனைவியின் செலவை ஈடுசெய்ய வீடு வீடாகப் போய்த் தனிப்பாடம் சொல்லிக் கொடுக்கின்றார். அந்த மனிதர் கடைக்குள் வந்து, மனைவி வாங்கிய ரேந்தைகளைக் கண்டு வாய் பேசாமல் நிற்கும் நிலை, கடையின் பளபளப்பைப் பற்றிய பத்துப் பக்க வருணனையைவிட மனத்தைத் தொடுவது.

எனினும், ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். ஸோலா ஆண் கண்ணாலேதான் பார்த்தார். துணியின் முன்னே பெண்ணின் அறிவு மயங்கிவிடும், நரம்பு துடிக்கும் என்று அவர் அடிக்கடி எழுதுகின்றார். அது அக்காலத்து வைத்தியர்களிடமிருந்து இரவல் வாங்கிய கருத்து. அதே கடையை அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் தோற்றம் மாறும். அக்காலத்துப் பாரிஸில் ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண் தனியாகப் போய் உட்காரக்கூடிய இடங்கள் மிகச் சில. சிற்றுண்டிச் சாலைகள் ஆண்களின் இடமாயிருந்தன. பெரிய கடையிலோ அவள் எவருடைய துணையுமின்றி நுழையலாம். விரும்பிய நேரம் நிற்கலாம். எவரும் காரணம் கேட்கமாட்டார்கள். பேரம் பேசத் தெரியாத நாட்டுப்புறப் பெண்ணும் ஏமாற்றப்படாமல் வாங்கலாம். திருமதி கிபாலின் வெறுங்கை உலாவை ஸோலா சற்றே ஏளனமாக எழுதுகின்றார். கடை முதலாளியின் வலைக்குள்ளே புகுந்து, இரை மட்டும் ஆகாமல், காற்றோட்டமான மண்டபத்தில் மாலை முழுவதையும் இனிதே கழித்துவிட்டு வந்த அவளைக் கெட்டிக்காரி என்று ஏன் சொல்லக்கூடாது?

தொட்டுப் பார்க்க விட்டதால் எழுந்த ஒரு தொல்லை களவு. அலுமாரிக்குள் இருந்த துணி மேசைக்கு வந்தபோது, கைக்கும் துணிக்கும் இடையே காவல் இல்லாமற் போயிற்று. கடைகள் தனிக் காவலாட்களை நியமித்தன. அவர்கள் சாதாரண மனிதரைப் போல நடமாடி, முகத்தைப் பாராமற் கைகளையே பார்த்தார்கள். நாவலிலே கொந்தப் பட்டம் பெற்ற ஒருவரின் மனைவியாகிய திருமதி தெ பூவ், விலையுயர்ந்த ரேந்தையைச் சட்டைக் கைக்குள் மறைத்தபோது பிடிபடுகின்றாள். பொலிசார் அழைக்கப்படுவதில்லை. களவை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வாங்கப்படுகின்றது. ஏழைகளுக்கென்று ஒரு தொகை கட்டினால் கடிதத்தைத் திருப்பிப் பெறலாம்.

அக்காலத்து வைத்திய நூல்களும் இதை ஆராய்ந்தன. லசேக் என்னும் வைத்தியர் 1880 இல் கடைக் களவு பற்றி எழுதினார். துபுய்சோன் என்னும் மற்றொரு வைத்தியர் 1902 இல் பெரிய கடைகளின் திருடிகளைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். தேவையுமின்றி, பயனுமின்றிப் பொருளை எடுக்கும் செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்கு நோய் என்று பெயர் கொடுக்கப்பட்டது. வறியவள் எடுத்தால் அது களவாகவே இருந்தது. இந்த வேறுபாட்டை வைத்தியர்கள் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. நாவலாசிரியருக்கு அது தெரிந்திருந்தது. பட்டம் பெற்றவரின் மனைவியையே அவர் திருடியாக்கியது தற்செயலன்று.

வீதிக்கு எதிர்ப்புறத்தில் என்ன நடந்தது? நாவலிலே மூரேயின் கடைக்கு எதிரே போதூ என்னும் கிழவருடைய கம்பளிக் கடை இருக்கின்றது. மூன்று தலைமுறைக் கடை. அவரும் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றார். ஆனால், அவர்கள் எதிர்க்கடைக்குள் நுழைவதைத் தம் இருண்ட வாசலில் நின்று கவனிக்கின்றார். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி கையிற் பொதியுடன் அவர் கண்ணிற் படாமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவதும் உண்டு. அவருடைய மகள் நோயுற்று இறக்கின்றாள், கடை மூடப்படுகின்றது. அயலிலே குடை செய்யும் ஒரு கிழவர் கடைசிவரை தம் இடத்தை விற்க மறுக்கின்றார். ஸோலா இவர்களுக்காக இரங்குகின்றார். ஆனால் வழக்கில் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. புதிய காலம் வருகின்றது, அது இப்படித்தான் வரும் என்பது அவர் துணிபு. அக்காலத்தில் மெய்யான போதூக்கள் பலர் இருந்தார்கள். 1880களில் பாரிஸின் சிறு வியாபாரிகள் ஒன்றுகூடிப் பெரிய கடைகளுக்குக் கூடுதல் வரி விதிக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்தார்கள். வரி ஓரளவு உயர்ந்தது. கடைகள் மேலும் வளர்ந்தன.

பின் வந்தவர்கள் இக்கலையைத் தொழிலாக்கினார்கள். சிகாகோவில் மார்ஷல் பீல்டு கடையிற் பழகிய ஹரி கோர்டன் செல்பிரிட்ஜ் 1909 மார்ச்சில் இலண்டனிலே தம் கடையைத் திறந்தபோது, சும்மா பார்க்க வருபவர்களையும் வருந்தி அழைத்தார். ஆங்கிலக் கடைகள் சில அதுவரை அத்தகையோரை விரும்பியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்கோ அண்டர்ஹில் என்னும் அமெரிக்கர், வாடிக்கையாளரை அவர்கள் அறியாமற் பின்தொடர்ந்து, எங்கே நின்றார்கள், எதைத் தொட்டார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஆட்களை வைத்து ஒரு நிறுவனமே நடத்தினார். 1999 இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி சுவையானது. நியூயோர்க் நகரத்துப் பெரிய கடையொன்றில், வாசலை அடுத்த நெருக்கமான வழியிலே கழுத்துப்பட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குனிந்து பார்ப்பவர்கள், சிறப்பாகப் பெண்கள், பின்னாற் போகின்றவர்கள் ஓரிரு முறை இடித்ததும், வாங்காமலே நகர்ந்துவிட்டார்கள். கழுத்துப்பட்டிகளை வழியினின்றும் விலக்கி வைத்ததும் விற்பனை உயர்ந்தது. மூரே கூட்டத்தை நெருக்கினான். அண்டர்ஹில் நெருக்கத்தைக் கலைத்தார். இருவரும் பார்த்தது கால் எங்கே நிற்கின்றது என்பதைத்தான்.

கடைக்குள்ளே இன்னொரு சாராரும் நாள் முழுவதும் வாடிக்கையாளரைக் கவனித்தார்கள். அவர்கள் விற்பனை ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளம் சிறிது. விற்றதன்மேல் கிடைக்கும் தரகே பெரிது. வருகின்றவர்களை முறைவைத்தே ஏற்க வேண்டும். ஆகையால், தூரத்தில் வரும்போதே ஒரு பெண்ணின் நடையைக் கொண்டு, இவள் வாங்குவாளா, துணிகளையெல்லாம் கலைத்துவிட்டுப் போய்விடுவாளா என்று கணிப்பது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த கலையாயிற்று. வாங்காதவள் வந்தால் முறையும் போயிற்று, நேரமும் போயிற்று. நாட்டுப்புறத்திலிருந்து தம்பிமாருடன் வந்து மூரேயின் கடையிற் சேரும் தெனீஸ் என்னும் பெண்ணிடமிருந்து, முதல் நாளே வாடிக்கையாளரை மற்றப் பெண்கள் தட்டிப் பறித்துக்கொள்கின்றார்கள். கோடையில் வியாபாரம் மந்தமானால் காரணமின்றியே வேலை போகும். நாள் முழுவதும் நிற்க வேண்டும், உட்காருதல் குற்றம். பிரான்சிலே கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஆசனம் வைக்க வேண்டுமென்று சட்டம் வந்தது 1900 டிசம்பரில். அதாவது, வாங்க வந்தவருக்குக் கடை நாற்காலி போட்டு நெடுங்காலம் கழிந்த பின்னரேயாம்.

நிற்கும் கால்களின் அலுப்பை மறக்க அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. நாவலிலே ‘அழகிய சீமாட்டி’ என்று ஊழியர்கள் தமக்குள்ளே பெயரிட்டழைக்கும் ஒரு பெண் வருகின்றாள். பொன்னிற மயிர், இனிய தோற்றம். பெரிய விற்பனை நாட்களிலெல்லாம் வருவாள், வாங்குவாள், பொதியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பட்டுப் பகுதியில் நிற்கும் ஊட்டேனும் பவியேயும் அவளைக் கண்டவுடன் வாதிடத் தொடங்கிவிடுவார்கள். செல்வரின் மனைவியா? வேறு யாரேனுமா? ஒருநாள் ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு வருகின்றாள். அவர்கள் ஊகம் மாறுகின்றது. அவள் எந்த நிறத்தை விரும்புகின்றாள், எத்தனை முழம் வாங்குகின்றாள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நாவல் முடிகின்ற வரையில் அவளுடைய பெயர் மட்டும் எவருக்கும் தெரியவரவில்லை.